முகத்துவாரத்துக்கு வார்டு நம்பர் என்ன?

ராத்திரி நல்ல மழை. காலையில் கதவைத் திறக்கிறீர்கள். எதிர்வீட்டு காம்பவுண்டை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. மழைநீர் வடிகாலின் வாயில் இலை, பிளாஸ்டிக் பை, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு. தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். என்ன செய்வீர்கள்?

சென்னைவாசி என்றால் 1913-க்கு போன் போடுவீர்கள். எந்த வார்டு, எந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கொண்டு ஒரு புகார் எண் கொடுப்பார்கள். ஆள் இன்றைக்கே வரலாம். நாலு நாள் கழித்தும் வரலாம். வராமலேகூட போகலாம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது ஊரில் விழுந்த மரங்களை எடுத்து முடிப்பதற்குள் கார்ப்பரேஷனுக்கு மூச்சு முட்டிவிட்டது. எல்லாம் சரி. ஆனால், அந்த நம்பரைப் பற்றி ஒரு விஷயம் யோசித்திருக்கிறீர்களா?

அது வேலை செய்கிறதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. ‘இந்த மரம் எங்களுடையது, இந்தச் சாக்கடை எங்களுடையது, அடைத்துக்கொண்டால் எங்களைத் திட்டுங்கள்’ என்று ஒரு அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது பாருங்கள், அதுதான் முதல் விஷயம். திட்டுவதற்கு ஒரு முகவரி. இது சாதாரண சொத்து இல்லை. இந்தச் சொத்து இல்லாத ஓர் இடத்துக்குத்தான் இப்போது போகப்போகிறோம். ரொம்ப தூரமில்லை. சென்னையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர் அளவில், பொன்னேரியைத் தாண்டினால் பழவேற்காடு.

*

பெயரிலேயே காடு இருக்கிற ஊர். ஆனால், ஊரின் பிழைப்பு தண்ணீரில். ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இதுதான். வடக்கு தெற்காகச் சுமார் அறுபது கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில். தெற்கு நுனி மட்டும் நம்முடையது. அந்த நுனியைச் சுற்றிலும் மீனவக் குப்பங்கள். சென்னை மார்க்கெட்டில் ‘பழவேற்காடு நண்டு’ என்று தனியாகக் கூவி விற்கிறார்களே, அது இங்கிருந்து வருவதுதான்.

இந்தக் குப்பங்களுக்கும் வடிகால் பிரச்னை உண்டு. ஆனால், அவர்கள் ‘அடைச்சிக்கிச்சி’ என்று சொல்வது பெரும்பாலும் தெருச் சாக்கடையை அல்ல. முகத்துவாரத்தை. ஏரியும் கடலும் சந்திக்கும் வாய். ஏரிக்கு மொத்தம் மூன்று வாய்கள். இரண்டு ஆந்திரப் பக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பது இந்த ஒன்றுதான்.

அது திறந்திருந்தால் கடல் தண்ணீர் ஏத்தத்தில் உள்ளே வரும், வத்தத்தில் வெளியே போகும். கூடவே இறால் குஞ்சு, மடவை, கொடுவா எல்லாம் உள்ளே வந்து வளரும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவந்து கொட்டுகிற வெள்ளம் கடலுக்குப் போகும். ஊர் தப்பிக்கும்.

மூடிக்கொண்டால்? கோடையில் ஏரி வற்றி, இருக்கிற தண்ணீர் உப்பேறிக் கரிக்கும். புதுக் குஞ்சு வராது. கடலுக்குப் போகிற படகுக்கு வழி கிடையாது. மணல் மேட்டில் படகைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் அலை உடைகிற இடத்தில் உயிரைப் பணயம் வைக்கவேண்டும். மழை வந்தாலோ நிலைமை தலைகீழ். வெள்ளத்துக்குப் போக்கிடம் இல்லாமல் தண்ணீர் ஊருக்குள் திரும்பும்.

ஆக, ஒரே அடைப்பு. கோடையில் பட்டினி, மழையில் வெள்ளம். உங்கள் தெரு வடிகாலில் அடைக்கிற செருப்புக்கு இத்தனை சக்தி கிடையாது.

*

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். ஏனென்றால், இதே பழவேற்காடு ஒருகாலத்தில் சென்னையைவிடப் பெரிய புள்ளி.

சென்னை என்ற பேச்சே எழாத காலம். 1609 வாக்கில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். 1613-ல் கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை. சோழமண்டலக் கடற்கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையகம் அதுதான். துணி, வெடிமருந்து, வெட்கத்தோடு சொல்ல வேண்டும் என்றால் அடிமைகள் வரைக்கும், எல்லா வியாபாரமும் இங்கே நடந்தது. இங்கிருந்து போன கட்டம்போட்ட துணிக்கு மலேசியாவில் இன்றைக்கும் ‘காயின் பெலிக்காட்’ என்றுதான் பெயர். பெலிக்காட் வேறொன்றுமில்லை, பழவேற்காடுதான். நம் ஆட்கள் கைலி என்கிறோம், அவர்கள் ஊர்ப் பெயரையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

டச்சுக்காரர்கள் இங்கே பலமாக உட்கார்ந்துகொண்டதால் இங்கிலீஷ்காரர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. வடக்கே ஒரு இடத்தில் முயன்று பார்த்தார்கள், சரிப்படவில்லை. தெற்கே வந்தார்கள். 1639-ல் அவர்களுக்குக் கிடைத்த மணல்திட்டுதான் மதராஸ்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1687 டிசம்பரில் கிழக்கிந்திய கம்பெனி ஒரு சாசனம் எழுதியது. அதன்படி 1688 செப்டம்பர் 29-ம் தேதி மதராஸுக்கு ஒரு கார்ப்பரேஷன் பிறந்தது. இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழே பன்னிரண்டு ஆல்டர்மென்கள். சிவப்பு அங்கி, வெள்ளிச் செங்கோல் என்று ஏக அமர்க்களம். நோக்கம் என்னவோ எளிமையானது. ஊருக்கு என்ன வேண்டுமோ, அதை ஊர்க்காரர்களிடமே வரி வாங்கிச் செய். வரி என்றதும் ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள் என்பது வேறு கதை. ஆனால், ‘ஊருக்கு ஒரு பொறுப்பாளி’ என்ற ஏற்பாடு அன்றைக்குத் தொடங்கிவிட்டது. 1913 என்கிற அந்த நாலு இலக்கத்தின் கொள்ளுப்பாட்டன் அதுதான்.

இரண்டே வருடம். 1690-ல் டச்சுக்காரர்கள் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். சென்னைக்குக் கார்ப்பரேஷன் வந்தது, பழவேற்காட்டுக்கு இருந்த மவுசும் போச்சு. 1825-ல் ஊர் மொத்தமாக இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. இன்று கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் முட்புதரும். பக்கத்தில் டச்சுக் கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன. செத்தவர்களுக்கு ஒரு டிபார்ட்மென்ட் உண்டு. உயிரோடு இருப்பவர்களின் வாய்க்காலுக்கு?

*

அவசரப்பட வேண்டாம். புகார் என்ற ஒன்றைக் கையாளத் தெரியாத ஊர் அல்ல இது. சொல்லப்போனால், அந்த விஷயத்தில் கார்ப்பரேஷனுக்கே பாடம் எடுக்கலாம்.

இங்கே ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் அடிக்கிற இடங்களில் கம்பு நட்டு வலை கட்டினால் இறால் கொட்டும். தள்ளிப் போகப் போகக் குறையும். எல்லோரும் நல்ல இடத்துக்கே ஓடினால் தினம் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் பெரியவர்கள் ஒரு கணக்குப் போட்டு வைத்தார்கள். ஊர்களுக்குள் முறை வைத்துக்கொள்வது. ஊருக்குள் குலுக்கல் போடுவது. சீட்டு யாருக்கு எந்த இடத்தில் விழுகிறதோ, அங்கே வலை. அடுத்த முறை வேறு இடம். நல்ல பாடும் சுற்றி வரும், மோசமான பாடும் சுற்றி வரும். பணக்காரன் விலைக்கு வாங்க முடியாது. பலசாலி பிடுங்கிக்கொள்ள முடியாது.

ஆனாலும் தகராறு வராமல் இருக்குமா? வரும்.

“இன்னா மாமா, எம் பாட்டுல வந்து கம்பு அட்ச்சிக்கிற?”

“ஓட்டம் இழுத்துக்கினு வந்துச்சிடா. வேணும்னா செய்வேன்?”

இப்படி ஆரம்பித்தால், அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாது. ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு முழமும் தெரியும். ஓட்டம் அந்த ராத்திரி எப்படி இழுத்தது என்பதும் தெரியும். இன்றைக்குத் தீர்ப்பு சொல்கிறவர் நாளைக்கு அதே இடத்தில் வலை கட்டப்போகிறவர். தப்பென்றால் தெண்டம். கட்டாவிட்டால் பாட்டிலிருந்து நிறுத்தம். மேட்டர் முடிந்தது.

இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் சொந்தமில்லை. இலங்கையில் நீர்கொழும்பு உப்பங்கழியிலும் இப்படியே கம்பு நட்டு வலை கட்டுகிற மீனவர்கள் உண்டு. அங்கேயும் சீட்டுக் குலுக்கல்தான். ஆனால், ஒரு வித்தியாசம். அங்கே 1958-ல் அரசாங்கமே அந்த வழக்கத்தை எடுத்து விதிமுறையாகப் பதிவு செய்தது. பழவேற்காட்டுப் பாடு மீனவர்களின் மனக்கணக்கிலும் ஊர்க் கட்டுப்பாட்டிலும்தான் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் கிடையாது.

நான் ஒன்றும் பழம்பெருமை பாட வரவில்லை. பாட்டில் இடம் உண்டென்றால் நீங்கள் அந்தக் குறிப்பிட்ட ஊர்களைச் சேர்ந்த, குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்த, கல்யாணமான ஆணாக இருக்கவேண்டும். பெண்களுக்கு இடமில்லை. தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இடமில்லை. பட்டியல் சாதி மீனவர்களுக்கும் இல்லை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் வந்தபோது (அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது 1971 அக்டோபரில்) அந்தத் தீவிலிருந்து கிளப்பிவிடப்பட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. ‘ஏரி என்ன உங்க அப்பன் வீட்டுதா?’ என்று அவர்கள் கேட்டபோது சண்டை நடந்திருக்கிறது. உள்ளே இருப்பவனின் புகாரைக் கேட்கத் தெரிந்த பஞ்சாயத்துக்கு, வெளியே நிற்பவனின் புகாரைக் கேட்கும் காது இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால், இந்தப் பஞ்சாயத்தால் தீர்க்கவே முடியாத ஒரு புகார் இருக்கிறது. அதில் ஜெயித்தவன், தோற்றவன், உள்ளே இருப்பவன், வெளியே நிற்பவன் எல்லோரும் ஒரே கட்சி. அதுதான் முகத்துவாரம். குற்றவாளி மணல். மணலை யார் பஞ்சாயத்துக்கு இழுத்து வருவது?

*

மணல் எங்கிருந்து வருகிறது?

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. நடந்துகொண்டே இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி, தென்மேற்கிலிருந்து வரும் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் திரும்பி நடக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பயணம் வடக்கு நோக்கித்தான்.

1875-ல் மதராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதைச் சிதறடித்தது. மறுபடி கட்டினார்கள். நடந்துகொண்டிருந்த மணல் சுவரில் முட்டி நின்றது. தெற்குப் பக்கம் குவிந்தது. குவிந்து குவிந்து அகலமானது. நீங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு காற்று வாங்குகிறீர்களே, அந்த மெரினா இவ்வளவு பரந்து கிடப்பது அதனால்தான். சுவருக்கு வடக்கே என்னாச்சு? வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் அரித்தது. ராயபுரம் பக்கம் கரையெல்லாம் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பீச், மறுபக்கம் பாறாங்கல்.

2001-ல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொன்று, 2012-13 வாக்கில். ஒவ்வொரு சுவரும் மணலின் வழியை மாற்றும். வேண்டிய இடத்தில் கரை மெலிந்துபோகும். வேண்டாத இடத்தில் மேடு தட்டும்.

குற்றத்தை முழுக்கத் துறைமுகத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. முகத்துவாரம் அடைவதும் திறப்பதும் ஆதிகாலத்து வழக்கம். ஏரிக்கு உள்ளேயும் ஒரு காரணம் இருக்கிறது. ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக்கொட்டி ஏரி மேடாகிவிட்டது. இப்போது சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். நடுத்தெருவில் தேங்கும் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! ஆழமான ஏரி என்றால் ஒவ்வொரு ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஏகப்பட்ட தண்ணீர் வாய் வழியாகப் போய்வரும். அந்த வேகமே மணலை அடித்துக்கொண்டு போய்விடும். ஏரி ஆழம் குறையக் குறைய, போய்வருகிற தண்ணீரும் குறையும். வேகம் குறையும். மணல் தங்கும். மணல் தங்கினால் தண்ணீர் இன்னும் குறையும். விஷச் சக்கரம். ஆக, இது ஒரு நாள் மண்வெட்டி எடுத்துத் தீர்க்கிற அடைப்பு அல்ல. தொடர்ந்து கவனிக்க ஒரு ஆள் வேண்டும்.

இத்தனைக்கும் இந்த ஏரியிடமிருந்து பட்டணம் வாங்கிக்கொண்டது கொஞ்சமில்லை. 1806-ல் வெட்டத் தொடங்கிய காக்ரேன் கால்வாய், மதராஸிலிருந்து எண்ணூருக்கு வந்து, பிறகு பழவேற்காடு ஏரியையும் தாண்டிப் போனது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது கூலிக்கு ஆள் வைத்து அதை மேலும் வெட்டி, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் கால்வாயில் படகு படகாகப் போனவை என்ன? இந்தக் கரையில் வளர்ந்த சவுக்கு மரம், மதராஸ் அடுப்புகளுக்கு. இந்த ஏரியில் வாரிய கிளிஞ்சல், மதராஸ் வீடுகளின் சுண்ணாம்புக்கு. நம் பாட்டிமார்கள் சமைத்த சோற்றிலும் அவர்கள் குடியிருந்த சுவரிலும் பழவேற்காடு இருக்கிறது. போன சரக்குக்குக் கணக்குண்டு. திரும்பி வந்த கவனிப்புக்கு?

*

சரி, நீங்களே ஒரு குப்பத்து ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரம் அடைத்துவிட்டது. புகார் செய்யவேண்டும். எங்கே போவீர்கள்?

தெருவிளக்கு, தெருச் சாக்கடை என்றால் ஊராட்சி. பிரச்னையில்லை. முகத்துவாரம் ஊராட்சிக் கணக்கில் வராது. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனுநீதி நாள். திருவள்ளூருக்கு பஸ் பிடித்துப் போய் மனு கொடுப்பீர்கள். வாங்கிக்கொள்வார்கள். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவைப்பார்கள். எது சம்பந்தப்பட்ட துறை?

மீனவர் பிரச்னை, ஆகவே மீன்வளத் துறை. ஆற்றுத் தண்ணீர் வடிகிற வழி, ஆகவே நீர்வளத் துறை. ஆனால், 1980-ல் தமிழ்நாட்டுப் பக்கத்து ஏரியில் 153 சதுர கிலோமீட்டருக்கு மேல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது. பூநாரைகள் வருகிற இடம். ஆகவே வனத்துறை அனுமதி வேண்டும். சரணாலயம் என்றால் விஷயம் டெல்லியில் இருக்கிற தேசிய வனவிலங்கு வாரியம் வரைக்கும் போகும். கடலோரத்தில் மணலைத் தொட்டால் கடலோர ஒழுங்குமுறை விதிகள். அதற்குத் தனி ஆணையம். இதெல்லாம் போக, வெள்ளம் வருகிற ஆரணியாற்றின் தலைமாட்டில் பிச்சாட்டூர் அணை ஆந்திராவில் இருக்கிறது. அங்கே ஷட்டர் திறந்தால் இங்கே திண்ணை நனையும். ஏரியின் மற்ற இரண்டு வாய்களும் ஆந்திராவில்.

ஒவ்வொரு துறையும் அதனதன் அளவில் சொல்வது சரிதான், அதைக் கவனிக்கவேண்டும். சரணாலயத்தில் நினைத்தபடி புல்டோசர் விடமுடியாது. கடற்கரையில் இஷ்டத்துக்குச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் ராயபுரத்தில் பார்த்தோம். யாரும் கெட்டவர் இல்லை. ஆனால், எல்லோரும் பொறுப்பு என்றால், யாரும் பொறுப்பில்லை. உங்கள் தெருவில் விழுந்த மரத்துக்கு இத்தனை கையெழுத்து வேண்டுமென்றால் அது அங்கேயே மக்கி உரமாகியிருக்கும்.

அதனால் குப்பத்து ஜனங்கள் என்ன செய்தார்கள்? மனு கொடுத்தார்கள். மறியல் செய்தார்கள். அதுவும் ஆகாதபோது ஊர் ஊராகப் பணம் போட்டு, ஆள் திரட்டி, தாங்களே மணலைத் தோண்டி வழிவிட்டார்கள். சில மாதம் படகு போகும். மறுபடி அலை வந்து மூடும். மறுபடி மனு.

பல வருட மனுக்களுக்குப் பிறகு, முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல்சுவர் எழுப்பி அதை நிரந்தரமாகத் திறந்துவைக்கச் சுமார் 27 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வந்தது. பணம் ஒதுக்கியதும் வேலை நடந்துவிடவில்லை. மேலே சொன்ன படிகளையெல்லாம் கோப்பு ஒவ்வொன்றாக ஏறி இறங்கவேண்டியிருந்தது. அதிலேயே வருடங்கள் ஓடின. அதற்குள் எத்தனை கோடை, எத்தனை மழை என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் உட்பட.

*

புகார் ஜெயித்த கதையே இல்லையா? இருக்கிறது. ஒன்று சொல்கிறேன்.

1990-களில் நம் கடலோரம் முழுக்க இறால் பண்ணை பைத்தியம் பிடித்தது. வயலை வெட்டிக் குட்டையாக்கி, கடல் தண்ணீரை இறைத்து, இறால் வளர்த்து, ஏற்றுமதி. கைமேல் டாலர். குட்டையிலிருந்து வெளியே விட்ட கழிவுத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வயலுக்கு, கிணற்றுக்கு, ஏரிக்கு. அங்கே குடிக்கும் தண்ணீர் உப்பானது.

தஞ்சை, நாகை பக்கத்தில் ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்காக வாழ்நாளைச் செலவழித்த காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன். மனைவி கிருஷ்ணம்மாளோடு சேர்ந்து இந்தப் பண்ணைகளை எதிர்த்து மறியல் செய்து பார்த்தார். பிறகு 1994-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்று. கூடவே ஒரு வரி: சிலிகா ஏரி, பழவேற்காடு ஏரி இரண்டையும் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது.

நாகப்பட்டினத்துக் கிராமத்தில் கிளம்பிய ஒரு புகார், டெல்லி வரைக்கும் போய், பழவேற்காட்டின் பெயரைச் சொல்லிக் காப்பாற்றியது! முகத்துவாரத்துக்குக் கிடைக்காத முகவரி, இந்த ஒரு விஷயத்துக்கு அன்றைக்குக் கிடைத்தது.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த காட்சி. 2005-ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். பண்ணைகளுக்குப் பதிவும் நிபந்தனையும் வைத்த அதே சட்டம், கடலோர ஒழுங்குமுறைத் தடையிலிருந்து அவற்றுக்கு விலக்கும் கொடுத்தது. கோர்ட்டில் கிடைத்ததில் பாதி சட்டசபையில் போச்சு என்பார்களே, அந்த மாதிரி. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார்.

இதிலிருந்து பழவேற்காட்டு ஜனங்கள் ஒன்று கற்றுக்கொண்டார்கள். நடந்த பிறகு புகார் செய்வதைவிட, நடப்பதற்கு முன்னால் செய்வது மேல். சட்டத்தில் அதற்கும் ஒரு வழி உண்டு. பெரிய திட்டம் எது வந்தாலும் சுற்றுவட்டார மக்களைக் கூட்டி வைத்து அவர்கள் பேசுவதைக் கேட்கவேண்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்குகிற திட்டம் வந்தபோது, கரை இன்னும் அரித்துப்போகும், கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்று மீனவர்கள் பயந்தார்கள். கருத்துக் கேட்புக்கு 2021 ஜனவரி 22 என்று தேதி குறித்தார்கள். தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள். அதையும் தள்ளிவைத்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. நிறுத்தியவரைக்கும் லாபம் என்று ஊர் மூச்சுவிட்டது. ஆனால், பேசவேண்டிய பேச்சு பேசாமலேயே இரண்டு தடவையும் நின்றுபோயிற்று என்பதும் உண்மை.

*

இந்தக் கதையில் மூன்று விதமான புகார்ப் பெட்டிகளைப் பார்த்தோம். கார்ப்பரேஷனின் பெட்டியில் ஒரு நம்பர் இருக்கிறது. பொறுப்பாளி இருக்கிறார். ஆனால், புகார் கேட்பவருக்கு உங்கள் தெரு தெரியாது. ஊர்ப் பஞ்சாயத்தின் பெட்டியில் தண்ணீரின் ஒவ்வொரு முழமும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால், எல்லோருக்கும் அங்கே இடமில்லை, மணலை அதட்டும் அதிகாரமும் இல்லை. அரசாங்கத் துறைகளின் பெட்டியில் அதிகாரம் இருக்கிறது. ஆனால், பெட்டி ஒன்றல்ல, ஏழெட்டு. மனு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது.

பழவேற்காடு கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏரி முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிற, மனு வந்தால் ‘எங்களுடையதுதான்’ என்று சொல்கிற ஒரே ஒரு மேஜை. அந்த மேஜையைச் சுற்றி வனத்துறையும் உட்காரட்டும், மீன்வளமும் உட்காரட்டும், ஆந்திரக்காரர்களும் வரட்டும். பாடு கட்டுகிறவரும், கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்ணும் நாற்காலி போட்டு உட்காரட்டும். நடக்காத காரியமா இது? ஒரிசாவில் 1991-ல் சிலிகாவுக்கென்றே தனியாக ஒரு வளர்ச்சி ஆணையம் வைத்தார்கள். அந்த ஏரியும் இதே மாதிரி வாய் அடைத்து, மீன் குறைந்து, களை மண்டிக் கிடந்த ஏரிதான். 2000-ல் கடலுக்கு ஒரு புது வாய் வெட்டினார்கள். மீன் திரும்பியது. 2002-ல் அதற்கு ராம்சார் விருதும் கிடைத்தது. அங்கேயும் இன்னும் சண்டைகள் உண்டு. ஆனால், எங்கே போய்ச் சண்டை போடவேண்டும் என்பது அங்கே ஜனங்களுக்குத் தெரியும்.

அடுத்த மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் தாராளமாக 1913-க்கு போன் போடுங்கள். கோபமாகவே பேசுங்கள். அது உங்கள் உரிமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் பழவேற்காடு நண்டு வாங்கும்போது மட்டும், விற்கிற அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

“முகத்துவாரம் தொறந்திருக்காம்மா?”

அவர் எடையை நிறுத்திவிட்டு உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு சொல்ல ஆரம்பிப்பார். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.